கொள்முதல் ஆவணத்தில் ஒளிந்திருக்கும் முட்டை

நான் பணிபுரியும் நிறுவனத்தின் உணவகக் குழுவில் சேர வேறு யாரும் முன்வராததால் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். உப்பு கூடிவிட்டது, வரிசை நீள்கிறது என்பன போன்ற புகார்களைப் படிப்பதுதான் வேலையாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இரண்டாவது கூட்டத்திலேயே அடுத்த ஆண்டுக்கான டெண்டர் ஆவணம் மேசைக்கு வந்தது. பெரிய சமையற்கூடம் ஒன்றுக்கு வரும் இறைச்சியும் முட்டையும் எப்படிப்பட்ட பண்ணையிலிருந்து வருகின்றன என்பதை அடுப்படியில் நிற்பவர் தீர்மானிப்பதில்லை, அந்த ஆவணத்தின் ஒரு வரி தீர்மானிக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

முட்டைக்கு எதிரே எங்கள் ஆவணத்தில் எடையும் தரமும் மட்டுமே இருந்தன. 'சட்டத்துக்கு உட்பட்டு வளர்க்கப்பட்ட கோழிகளின் முட்டை' என்று சேர்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. விலங்கு நலச் சட்டங்களில் முன்னோடியாகக் கருதப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு ஏ4 தாளைவிடக் குறைவான இடம் தந்த வெற்றுக் கூண்டுகளை, 1999-இல் இயற்றிய விதியின் மூலம் அது 2012 முதல் தடை செய்தது. ஆனால் உட்காரக் குச்சியும் முட்டையிட மறைவிடமும் வைத்து, கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டர் தரும் கூண்டுகளை அதே விதி அனுமதித்தது. ஆகவே 'கூண்டில்லா வளர்ப்பு' என்று வெளிப்படையாக எழுதாதவரை, சட்டத்தைச் சுட்டுவதால் கோழிக்குக் கூண்டிலிருந்து விடுதலை கிடைப்பதில்லை.

எழுதினோம். ஒப்பந்ததாரரும் உடனே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட வேகமே எனக்கு ஐயத்தைத் தந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் முட்டை ஓட்டின் மீது அச்சிடப்படும் முதல் எண் வளர்ப்பு முறையைச் சொல்லிவிடும்: 0 இயற்கை வேளாண்மை, 1 திறந்தவெளி, 2 கூண்டில்லாக் கொட்டகை, 3 கூண்டு. ஆனால் அந்தக் கட்டாயம் ஓட்டோடு விற்கப்படும் முட்டைக்குத்தான். பெரிய சமையற்கூடங்களில் ஓடு உடைத்துச் சமைப்பது ஒரு பங்கே. மீதி, பெட்டிகளில் வரும் திரவ முட்டையாகவும் முட்டைப் பொடியாகவும், மயோனைஸுக்குள்ளும் கேக்குக்குள்ளும் கரைந்தும் வந்து சேர்கிறது. எங்கள் ஒப்பந்ததாரர் பொய் சொல்லவில்லை. தட்டில் முழுதாகத் தெரியும் அவித்த முட்டையைப் பற்றி மட்டும் அவர் உண்மை சொல்லியிருந்தார். பில்களை வரிவரியாகப் பார்த்த பிறகே இது புலப்பட்டது.

இதைவிட என்னைக் குழப்பியது கார்பன் கணக்கு. மாட்டிறைச்சியைக் குறைத்துக் கோழி இறைச்சியைக் கூட்டினால் பசுமைக்குடில் வாயு உமிழ்வு பெருமளவு குறையும் என்பது சரிதான். சுற்றுச்சூழல் குழுவும் அதையே பரிந்துரைத்தது. ஆனால் ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடுகட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் வேண்டும். அவை பெரும்பாலும் ஏறத்தாழ ஆறே வாரங்களில் எடையேறும்படி இனவிருத்தி செய்யப்பட்டு, தம் உடலைச் சுமக்கவே கால்கள் தடுமாறும் கறிக்கோழிகள். காற்றுக்கு நன்மை செய்ய முனைந்து, துன்பப்படும் உயிர்களின் எண்ணிக்கையைப் பன்மடங்காக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் குறைத்து, அந்த இடத்தைப் பருப்புக்கும் பயறுக்கும் தருவதே நேர்மையான வழி என்று வாதிட்டேன். அதனால் மிச்சமாகும் தொகையில், மெதுவாக வளரும் இனக் கோழிகளை நெரிசல் குறைந்த கொட்டகைகளிலிருந்து வாங்க முடியும். நெஞ்சுக்கறி மட்டும் கேட்காமல் முழுக்கோழியாக வாங்கினால் அதே தேவையை இன்னும் குறைவான பறவைகளைக் கொண்டே நிறைவேற்றலாம். தலைமைச் சமையலர் இதற்கு முகம் சுளித்தார். வெட்டுவதற்கு ஆள் யார் தருவது என்ற அவருடைய கேள்வி நியாயமானது.

மீனைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1997-இல் தொடங்கப்பட்ட கடல் மேலாண்மை மன்றத்தின் நீல முத்திரை, கடலில் மீன்வளம் நிலைத்திருக்குமா என்ற கேள்விக்கு உரியது. மீன் எப்படிச் சாகிறது என்பதற்கு அது பதிலன்று. இரண்டும் ஒன்றென எண்ணித்தான் அதைக் கேட்டிருந்தோம்.

புதிய வரைவில் முட்டை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'திரவ முட்டை, பொடி, முட்டை கலந்த தயாரிப்புகள் உட்பட' என்று சேர்த்திருக்கிறோம். வளர்ப்பு முறைக்கான சான்றைக் காலாண்டுக்கு ஒருமுறை பில்லோடு இணைக்க வேண்டும். கேக் தயாரிப்பாளரிடமிருந்து மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அது வரும்வரை முட்டையில்லாத கேக்கையே வாங்குவதென முடிவாகியிருக்கிறது. வேறுபாட்டைச் சுட்டி இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.