வாசோபிரசின் குளோமெருலஸை எப்படித் தொடுகிறது?

நர்சிங் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகப் பாடம் எடுக்கும்போது ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். "மேடம், வாசோபிரசின் தண்ணிய உறிஞ்ச வைக்குது, சரி. வடிகட்டுறதுல அதுக்கு என்ன வேலை?" வாசோபிரசின் என்பது உடலில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோன். ரத்தத்தை வடிகட்டுவது குளோமெருலஸ் என்ற நுண்ரத்தக்குழாய் முடிச்சு. பரீட்சைக்கு எழுத வேண்டிய பதில் எளிது: நேரடி வேலை ஒன்றும் இல்லை. பாடப்புத்தகப் படத்திலும் வாசோபிரசினுக்கான அம்புக்குறி, வடிந்த நீர் கடைசியாகப் போய்ச் சேரும் சேகரிப்பு நாளத்தோடு நின்றுவிடும். நான் பல வருடம் ஐ.சி.யு.வில் மணிக்கொரு தடவை யூரின் பேக்கைப் பார்த்துக் குறித்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவள். அந்த அம்புக்குறியை அங்கேயே விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. குளோமெருலஸ் வரை இழுத்து வரைந்துவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போவேன்.

தெரிந்த பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர் குளோமெருலஸ்களில் வடிகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, வாசோபிரசின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெஃப்ரான் என்ற சிறுநீரக அலகில், குழாயின் முதல் பகுதியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். ரத்தத்தின் அடர்த்தி 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதைக் கண்டுகொள்ளும். அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதி வாசோபிரசினை ரத்தத்தில் விடும். சேகரிப்பு நாளத்துச் செல்களில் வி2 ஏற்பியோடு அது சேர்ந்ததும், உள்ளே தயாராக இருக்கும் அக்வாபோரின்-2 என்ற நீர்க்குழாய்கள் செல்லின் மேல்பரப்புக்கு வந்துவிடும். தண்ணீர் உள்ளே போகும், சிறுநீர் கெட்டியாகும்.  

இதில் குளோமெருலஸ் எங்கே வந்தது?

இதற்கு விடை தேட உதவியது ஓர் எலி வகை. 1961-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பிராட்டில்பரோ ஊர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வளர்ந்த எலிகளில் சில ஓயாமல் தண்ணீர் குடித்தன, ஓயாமல் சிறுநீர் கழித்தன. தன் எடையில் பாதிக்கும் மேலான தண்ணீரை ஒரே நாளில் குடிக்கும் எலி. காரணம், அவற்றின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதனால் அவற்றால் வாசோபிரசின் சுரக்க முடியவில்லை. ஹார்மோன் இல்லாத சிறுநீரகம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பிராட்டில்பரோ எலி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பாரிஸில் சிறுநீரக ஆய்வாளர் லீஸ் பாங்கிர் குழுவினர் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. மயக்கமருந்து கொடுக்காத எலிகளில், வி2 ஏற்பியை மட்டும் தூண்டும் டெஸ்மோபிரசினைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தபோது வடிகட்டும் வேகம் கூடியது. குளோமெருலஸைப் போய்த் தொடாத மருந்து, குளோமெருலஸின் வேலையைக் கூட்டியிருக்கிறது! அப்படியென்றால் சுற்றுவழி ஒன்று இருக்க வேண்டும்.

அந்தச் சுற்றுவழியில் முக்கிய ஆள், புரதக் கழிவான யூரியா. வாசோபிரசின் தண்ணீருக்கு மட்டும் வழி விடுவதில்லை. சேகரிப்பு நாளத்தின் கடைசிப் பகுதியில் யூரியாவுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. வெளியேற வேண்டிய யூரியாவில் ஒரு பங்கு சிறுநீரகத்தின் உட்பகுதிக்குள் திரும்பி, அங்கிருந்து அதே குழாயின் நடுப்பகுதியான ஹென்லே வளையத்துக்குள் மறுபடி நுழைகிறது. வாசலில் பெருக்கித் தள்ளிய சருகு காற்றில் திரும்பி வந்தால் மறுபடி பெருக்கித்தானே ஆகவேண்டும்? அன்றாட யூரியா வெளியே போயாக வேண்டும் என்றால் அதிகம் வடிகட்டியாக வேண்டும். அதைச் செய்ய வைப்பது மேக்குலா டென்சா, குளோமெருலஸை ஒட்டிக் குழாயில் இருக்கும் உணர்செல்கள். குழாயின் அந்த இடத்துக்கு வந்து சேரும் உப்பின் அளவு குறைந்தால், 'வடிகட்டல் போதவில்லை' என்று அது எடுத்துக்கொண்டு, குளோமெருலஸுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனியைத் தளர்த்திவிடும். வாசோபிரசின் தொடர்ந்து இருக்கும்போது, சுற்றி வரும் யூரியாவினால் அந்த உப்பின் அளவு குறைகிறது என்பது பாங்கிர் குழுவின் விளக்கம். நிமிடங்களில் நடக்கும் விளைவு இல்லை இது, ஹார்மோன் நீடித்து நிற்க வேண்டும். அவசரமாகச் செய்த பழைய சோதனைகளில் இது கண்ணில் படாமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது 1999-இல் வந்த முடிவு. சர்க்கரை நோயின் ஆரம்பத்தில் சிறுநீரகம் அளவுக்கு மீறி வடிகட்டும், பிறகு அல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் ஒழுகும். சாதாரண எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கியபோது அதே கதைதான் நடந்தது. வாசோபிரசின் இல்லாத பிராட்டில்பரோ எலிகளில் மிகைவடிகட்டல் வரவில்லை, அல்புமின் ஒழுகலும் பெரிதாக இல்லை. அதற்கு முன் 1990-இல், சிறுநீரகத்தின் பெரும்பகுதியை நீக்கிய எலிகளுக்குத் தீவனத்தோடு கூடுதல் தண்ணீர் சேர்த்துக் கொடுத்து, அதனால் வாசோபிரசின் குறைந்தபோது மிச்சமிருந்த சிறுநீரகம் மெதுவாகத்தான் கெட்டது. தண்ணீரை மிச்சம்பிடிப்பது வடிகட்டிக்குச் சும்மா கிடைக்கும் சலுகை இல்லை.

ஐ.சி.யு. அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்கில், அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து போதாமல் போகும்போது வாசோபிரசினைப் பம்பில் ஏற்றுவோம், வழக்கமாக நிமிடத்துக்கு 0.03 யூனிட். சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் என்று படித்தவர்கள் யூரின் அவுட்புட் விழும் என்று எதிர்பார்ப்பார்கள். பல நோயாளிகளிடம் நேர்மாறாக அது ஏறும். ரத்தக்குழாய்களில் உள்ள வி1 ஏற்பி வழியாக ரத்த அழுத்தம் நிமிர்கிறது, குளோமெருலஸிலிருந்து ரத்தம் வெளியேறும் நுண்தமனி இறுகுகிறது, உள்ளே வடிகட்டும் அழுத்தம் மீள்கிறது. அளவு எல்லை மீறினால் எதிர்விளைவும் உண்டு: குளோமெருலஸுக்குள் இருக்கும் மெசாஞ்சியல் செல்களே சுருங்கி வடிகட்டும் பரப்பைக் குறைத்துவிடும்.

அப்புறம் பிள்ளைகளின் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ எல்லாரும் நிறைய தண்ணி குடிச்சா கிட்னி பிழைச்சுக்குமா மேடம்?" எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கவில்லை. கனடாவில் நடுத்தர நிலைச் சிறுநீரக நோயாளிகள் 631 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், கூடுதல் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஊக்குவித்தும் ஓராண்டில் சிறுநீரகச் செயலின் சரிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. டயாலிசிஸில் இருப்பவர், இதயம் தளர்ந்தவர் இதைப் படித்துவிட்டுச் செம்பு செம்பாகக் குடித்தால் மூச்சுத் திணறலில் போய் முடியும். அவர்களுக்கான அளவை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மனிதரிடமும் அந்த அம்புக்குறி உண்மை என்பதற்கு டோல்வாப்டான் மாத்திரைதான் எனக்குத் தெரிந்த நல்ல சான்று. பரம்பரையாக வரும் பலகட்டிச் சிறுநீரக நோய்க்குத் தரும் இந்த மாத்திரை வி2 ஏற்பியை அடைத்துவிடும். மூன்றாண்டுகள் நடந்து 2012-இல் வெளியான பெரிய ஆய்வில் சிறுநீரகம் வீங்கும் வேகத்தை அது குறைத்தது. எடுப்பவர்களுக்குத் தாகம் கடுமையாக இருக்கும், இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும். நான் சொன்ன சான்று இதுதான்: மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் வடிகட்டும் வேகம் சிறிது இறங்கும். நிறுத்தினால் அந்த இறக்கம் மீண்டுவிடும்.