கிளவுஸுக்கு மூன்று கொட்டேஷன்

2003இல் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் பம்பாய்க்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஐ.டி.ஐ. சான்றிதழும், தாராவி தொண்ணூறடி ரோட்டில் சித்தப்பா வீட்டு முகவரியும்தான். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. மின்சாரக் கேபிள் குழிக்குள் நின்றே அதைக் கற்றுக்கொண்டேன். அதனால்தான் பிற்பாடு வம்பு வந்தது.

பதினாறு வருஷம் சைட் வேலை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அதற்கப்புறம் பல நாள் தூக்கமில்லை. தெருவோர மின் இணைப்புப் பெட்டியான பில்லர் பாக்ஸைத் திறந்து சேற்றைக் கழுவி, புளோயர் வைத்து உலர்த்தி, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரைப் போட்டுப் பார்த்து, ரீடிங் சரியாக வந்தால்தான் சார்ஜ் பண்ணுவோம், அதாவது கரண்ட் விடுவோம்.

2019இல் முதுகு மக்கர் பண்ணவே, கான்ட்ராக்டர் என்னை அந்தேரி ஆபீஸில் உட்கார வைத்தார். மேனேஜராம். முதல் வாரமே அக்கவுண்ட்ஸ் அம்மாவிடம் "தூ ஃபைல் தே", அதாவது "நீ ஃபைல் கொடு" என்றுவிட்டேன். குழிக்குள் எல்லோரும் எல்லோருக்கும் 'தூ'தான். அந்த அம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. நாற்பது வயதில் 'நீங்கள்' என்னும் 'ஆப்' பழகினேன்.

மே மாதம் சைட்டிலிருந்து போன். விழுப்புரத்துப் பையன், என்னிடம் ஹெல்பராக இருந்தவன். "சாப், கிளவுஸ் எப்ப வரும்?" நேற்றுவரை அண்ணே என்றவன். இதே கேள்வியை நான் எத்தனை முறை கேட்டு, ஆபீஸ்காரனை எத்தனை முறை திட்டியிருப்பேன்! நான் சொன்ன பதில்: "ஃபைல் போயிருக்குப்பா." சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

கரண்ட் தாங்கும் ரப்பர் கிளவுஸுக்கு மூன்று கொட்டேஷன் வந்திருந்தது. குறைந்த விலைக்கே ஆர்டர் என்பது ஆபீஸ் வழக்கம். "எல்லாம் ரப்பர்தானே, விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்றார் அக்கவுண்ட்ஸ் அம்மா. நியாயமான கேள்விதான். எல்.டி. என்னும் குறைந்த அழுத்த லைன் வேலைக்கு 1000 வோல்ட் வரை தாங்கும் கிளாஸ் 0 போதும், 11 கே.வி.க்கு, அதாவது 11,000 வோல்ட்டுக்கு, கிளாஸ் 2 வேண்டும் என்றேன். அது அவருக்கு ஏறவில்லை. சரி என்று மேஜைமேல் கிடந்த மலிவு சாம்பிளை எடுத்தேன். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து காற்று வெளியே போகாமல் இறுக்கிச் சுருட்டினால் விரல்கள் ஐந்தும் பலூன் மாதிரி புடைக்கும். ஓட்டை இருந்தால் தெரிய, அதைக் கன்னத்தருகே பிடிக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கிலிருந்து மெல்லிய காற்று. அவர் பக்கம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரும் கன்னத்தைக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மலிவுக் கொட்டேஷன் தாளை மட்டும் தனியே எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அப்புறம் கையெழுத்து, திருத்தம், மறுபடி கையெழுத்து. நல்ல கிளவுஸ் ஜூன் 20ஆம் தேதி சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மழை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.