கண் கடி தாங்காமல் வாங்கிய சொட்டு மருந்து

எனக்குக் கண்ணில் ஒவ்வாமை. காலையில் எழுந்தால் இரண்டு இமையும் ஒட்டிக் கிடக்கும். ஈரத்துணியால் ஒற்றி மெல்லப் பிரித்தால் பீளை நூல் மாதிரி இழுபடும், அப்புறம் தொடங்கும் அரிப்பு, கடி. இமைக்கு உள்பக்கம் மணல் கொட்டினது போல இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் காலி வீதிப் புகை, மற்றப் பக்கம் கடல் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த சுவர். 2022 டிசம்பரில் காற்று கெட்டுப்போய்ப் பாடசாலைகளை மூடினார்களே, அந்தக் கிழமை நான் கண்ணைத் திறந்ததே குறைவு.

அப்போது ஒரு டொக்டர் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் சொட்டு மருந்து எழுதித் தந்தார், இரண்டு கிழமைக்கு மட்டும் என்று சொல்லித்தான் தந்தார். இரண்டே நாளில் கண் வெளுத்துவிட்டது. அந்த நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு கண் சிவக்கும்போதெல்லாம் வெறும் போத்தலைக் கொண்டுபோய்ப் பாமசியில் காட்டி அதையே வாங்கினேன். டொக்டர் எழுதின துண்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இப்படியே எட்டு மாதம்.

பிறகு கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் அழுத்தம் பார்த்தார்கள். 21க்குக் கீழே இருக்கவேண்டியது எனக்கு 29. நோவு இல்லை, பார்வையிலும் வித்தியாசம் இல்லை, அதனால்தான் இது பயங்கரம். அழுத்தம் கூடியபடியே இருந்தால் பார்வை நரம்பு பழுதாகும், போன பார்வை திரும்பி வராது. நல்லகாலம், எனக்கு மருந்தை நிறுத்திய சில கிழமையில் 16க்கு இறங்கியது. ஸ்டீரொயிட் கெட்ட மருந்து என்று நான் சொல்லவரவில்லை, சில நேரம் அது கட்டாயம் தேவை. ஆனால் டொக்டர் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தரவேண்டிய மருந்து அது. தயவுசெய்து நீங்களாக வாங்கி விடாதீர்கள்.

புதுக் கண் டொக்டர் முதலில் கேட்டது, "பிள்ளை, நித்திரையிலயும் கசக்குவீங்களோ?" தெரியாது என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, "விடிய விடிய கசக்குவா டொக்டர்" என்றா. கசக்கக் கசக்க, கடியை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இன்னும் கூட வெளிவரும், கடியும் கூடும். வருஷக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளும், கெரட்டோகோனஸ் என்பார்கள். அன்றிலிருந்து கை கண்ணுக்குப் போனால் எழும்பிப் போய் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மூடின இமையில் வைக்கிறேன்.

இப்போது காலையும் மாலையும் ஒலோபடடின் என்ற ஒவ்வாமைச் சொட்டு மருந்து. கடுமையான காலத்துக்கு டொக்டர் ஸ்டீரொயிட் இல்லாத சைக்ளோஸ்போரின் சொட்டு தந்தார், விட்டவுடன் எரியும், பலன் தெரியச் சில கிழமை செல்லும், பொறுக்கத்தான் வேணும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஐந்து நிமிஷம் விடுவேன். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் அழுத்தி ஒரு நிமிஷம். முன்பெல்லாம் தொண்டையில் கசக்கும், அழுத்தத் தொடங்கின பிறகு மருந்து கண்ணிலேயே நிற்கிறது. அம்மம்மா கண்ணில் வைக்கச் சொல்லுகிற நந்தியாவட்டைப் பூவை மட்டும் வேண்டாம் என்றேன், புண்பட்ட கண்ணில் கிருமி போய்விடும் என்ற பயம்.

கஷ்டமாக இருந்தது தலையணைதான். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா தன் கையால் தைத்து அனுப்பின இலவம்பஞ்சுத் தலையணை. பழைய பஞ்சும் கொழும்பு ஈரமும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிக்குக் கொண்டாட்டம். இரண்டு மாதம் மனம் வராமல் வைத்திருந்து, பிறகு பஞ்சை எடுத்துவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விரிப்பையும் உறைகளையும் கொதிநீரில் போட்டு எடுத்து மொட்டைமாடி வெயிலில் காயவிடுகிறோம், அம்மம்மாவின் உறையும் அதிலே இருக்கும். நுளம்புத்திரியை நிறுத்தி வலை கட்டியாயிற்று. போன மாதம் அழுத்தம் 15.