நிவாரணப் பணித் தேர்வு: விடைத்தாளின் ஓரத்தில் போட்ட கணக்கு

பன்னாட்டு நிவாரண அமைப்பு ஒன்றின் கள அலுவலர் பணிக்குத் தேர்வானதாகச் சென்ற வாரம் எனக்கு மடல் வந்தது. இது என் இரண்டாம் முயற்சி. முதல் முறை எழுத்துத் தேர்விலேயே வெளியேறினேன்; பாடம் தெரியாமல் அல்ல, தெரிந்ததைக் கையாளாமல் தோற்றேன் என்பதே இன்றும் உறுத்துகிறது.

அன்றைய கேள்வி இது: வெள்ளத்தால் இடம்பெயர்ந்த 6,000 பேர் ஒரு திடலில் இருக்கிறார்கள், நாளொன்றுக்கு 40,000 லிட்டர் தண்ணீர் மட்டுமே வருகிறது, முதல் மூன்று நாள்களுக்குத் திட்டம் எழுதுக. நிவாரண அமைப்புகள் பின்பற்றும் குறைந்தபட்ச அளவுகளான ஸ்பியர் தரநிலைப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வேண்டும் என்பதையும், மக்களின் துயரத்தையும், கூடுதல் நிதியின் தேவையையும் இரண்டு பக்கம் எழுதினேன். 40,000ஐ 6,000ஆல் வகுக்கவே இல்லை. வகுத்திருந்தால் ஏழு லிட்டர்கூட வராது என்பதும், உயிர்வாழ்வதற்கான 7.5 லிட்டர் என்ற கீழெல்லைக்கும் அது குறைவு என்பதும் தெரிந்திருக்கும். வந்த தண்ணீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் முதலில் ஒதுக்கி, மற்றத் தேவைகளுக்கு அன்றே வேறு நீராதாரம் தேடவேண்டும் என்ற முடிவு அந்த ஒரு வகுத்தலிலிருந்துதான் பிறக்கிறது.

இம்முறை 3,000 பேர் தங்கிய முகாமின் கழிப்பறைகளைப் பற்றிக் கேட்டார்கள். எழுதுமுன் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்: தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று எனில் 60, விரைவில் 20 பேருக்கு ஒன்று எனில் 150. பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் முதல் 60ஐ 45, 15 எனப் பிரித்தேன். உள்தாழ்ப்பாள், இரவு விளக்கு, நடக்கவேண்டிய தொலைவு ஆகியவை அதன்பின் தாமாகவே வரிசையாக வந்தன. குழுவாகப் படிப்பது எனக்கு உதவவில்லை; தனியாக அமர்ந்து இப்படிப்பட்ட கணக்குகளை நாள்தோறும் போட்டதே உதவியது.

நேர்காணலில், ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் ஆட்களின் பெயர்களை மட்டும் உதவி பெறுவோர் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பலர் இங்கே நடுநிலைமையைப் பேசிவிடுகிறார்கள். மோதலில் எத்தரப்பிலும் சேராதிருப்பதே நடுநிலைமை. தேவையை மட்டும் பார்த்து உதவுவது பாரபட்சமின்மை. இக்கேள்வி பின்னதைப் பற்றியது. ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவையும் பட்டையால் அளப்போம், கடும் ஊட்டச்சத்துக் குறைவைக் காட்டும் 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்கள் முதலில் வருவார்கள், அந்த அளவுகோலை ஊரார் முன்னிலையிலேயே அறிவிப்போம் என்றேன்.

மற்றவை சுருக்கமாக:

- நிவாரண ஒருங்கிணைப்புக்கு அடிப்படையான 1991ஆம் ஆண்டின் ஐ.நா. தீர்மானம் 46/182ஐயும், பணிகளைத் துறைவாரியாகப் பிரித்து ஒருங்கிணைக்க 2005இல் வந்த கிளஸ்டர் முறையையும், எந்தத் துறையை எந்த அமைப்பு ஒருங்கிணைக்கிறது என்பதையும் ஒருமுறை ஊன்றிப் படியுங்கள்.
- விண்ணப்பத்தில் "ஆர்வம் உண்டு" என்று எழுதாதீர்கள். எத்தனை பேருக்கு, எத்தனை நாளில், என்ன கொண்டு சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள்.
- அமெரிக்க அரசு 2025இல் அயல்நாட்டு உதவியைப் பெருமளவில் குறைத்தபின் இத்துறையில் பலர் வேலை இழந்தார்கள். ஆகவே கணக்கு, கொள்முதல், தரவு ஆகியவற்றுள் ஒன்றையாவது கையில் வைத்திருங்கள்.
- நன்கொடை அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பிப்போர், நிதி நின்றபின் திட்டத்தை யார் நடத்துவார்கள் என்ற கேள்விக்குச் செலவுத் தொகையோடு விடை தயாரித்துச் செல்லுங்கள்.