வால்சிங்கம் மாதாவுக்கு அம்மா வைத்த நேர்த்தி

என் மகன் குறைமாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை விடியும்வரை தாங்காது என்று சொன்ன இரவில், குருவானவர் வந்து சேரும்வரை காத்திருக்காமல் அம்மாவே அவன் நெற்றியில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். நின்ற இடத்திலேயே நேர்த்தியும் வைத்தார். "பிள்ளை பிழைச்சால் வால்சிங்கம் மாதாவிட்ட வெறுங்காலோட நடந்து வருவான்." இலங்கையில் மடு மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தவருக்கு, இங்கிலாந்து வந்தபிறகு, நோர்போக்கின் வால்சிங்கம் ஊரில் இருக்கிற இவதான் மடு மாதா.

ஆறு வருடம் தள்ளிப்போனது, இந்த ஜூலையில் தமிழர் யாத்திரையோடு நிறைவேறியது.

கூட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோர்போக்கின் ஒடுங்கிய ரோட்டில் பஸ்ஸும் காரும் அடைத்துக்கொண்டு நின்றன. சுரூபம் வரும்போது முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிக்க, பிள்ளைக்கு மாதாவின் முகமே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் ஸ்லிப்பர் சிற்றாலயத்தில் செருப்பைக் கழற்றினோம். 14ஆம் நூற்றாண்டிலிருந்து யாத்திரிகர்கள் கழற்றிய இடம். 1538இல் எட்டாம் ஹென்றி அரசனின் ஆட்கள் மாதாவின் சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தபிறகு, இந்தச் சிற்றாலயம் மாட்டுக்கொட்டிலாகக்கூட இருந்திருக்கிறது. சார்லட் பாய்டு என்ற பெண்மணி வாங்கி மீட்டுக் கொடுத்தார், அவருக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னோம். அங்கிருந்து ஊருக்கு ஒரு மைல். தார் கொதித்தது. பாதி வழியில் பிள்ளை புல்லோரமாக ஒதுங்கி நடந்தான், ஆனால் தூக்கச் சொல்லவில்லை.

ஊருக்குள் கூட்டத்துக்கு ஒதுங்கித்தான் புனித மரியாள் பங்குக் கோயிலுக்குள் போனோம். கத்தோலிக்கக் கோயில் இல்லை, அங்கிலிக்கன் கோயில்தான், அதற்கென்ன, அவவின் பெயரில் இருக்கிறதே. தீக்கல் சுவரும் கோபுரமும் பழையவை. ஆனால் உள்ளே சுத்தமான வெளிச்சம். 1961இல் தீப்பிடித்துக் கூரையோடு எரிந்துபோய், திரும்பக் கட்டி 1964இல் திறந்தார்களாம். அந்தத் தீக்கும் தப்பியது 15ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானத் தொட்டி.

படிக்கட்டுகளின் மேல் எட்டுப் பட்டையாக நிற்கிறது. ஏழு பட்டையில் ஞானஸ்நானம் முதலான ஏழு திருவருட்சாதனங்கள், எட்டாவதில் சிலுவையில் ஆண்டவர். இப்படி ஏழும் செதுக்கிய தொட்டிகள் பெரும்பாலும் நோர்போக்கிலும் சபோக்கிலும்தான் இருக்கின்றன. புரட்டஸ்தாந்து சீர்திருத்தக் காலத்து வெறியில் உருவங்களின் முகங்களைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கியின் மடிப்பு தெரிகிறது, நீட்டிய கை தெரிகிறது, முகம் இருந்த இடத்தில் சொரசொரப்பான கல்தான். ஞானஸ்நானப் பட்டை எது என்று நான் சுற்றிச் சுற்றித் தேடினேன். குருவின் கையில் குட்டிப் பிள்ளை.

"இது நானா?" என்று மகன் கேட்டான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முழங்காலில் இருந்துவிட்டேன். முகமில்லாத அந்தக் கல்லுக்கு முன்னால் எனக்கு அம்மாவின் நடுங்கிய விரல்தான் தெரிந்தது. தாயே, உனக்குத் தோத்திரம், உனக்குத் தோத்திரம் என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை. மாதாவின் முகம் காணாத பிள்ளை தொட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றான். குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

வெளியே வந்து, முழங்கால் வலியால் வரமுடியாமல் வீட்டில் இருந்த அம்மாவுக்குப் போன் எடுத்தோம். கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளைக்குக் கால் சுட்டதோ?"

"சுட்டது அம்மம்மா," என்றான். "ஆனா நடந்திட்டேன்."