தாடி உள்ள பெட்டை: மிசூரி, 2025

ஏப்ரல் 13, ஞாயிறு

ஓக் சரிவில் வான்கோழி எச்சம் நிறைய. நீளமாக வந்து நுனி மடங்கி ‘ட’ போலக் கிடந்தால் சேவல். நத்தையாகச் சுருண்டு கிடந்தால் பெட்டை. இன்று பார்த்ததில் பாதிக்கு மேல் சுருள்.

ஏப்ரல் 15

வயல் ஓரத்தில் ஏழு வான்கோழிகள். ஒன்றின் மார்பில் தாடி, மயிர்க்கற்றை போலத் தொங்குவது. குனிந்து கொத்தும்போது முன்னால் விழுகிறது, நிமிர்ந்தால் இறகுக்குள் போய்விடுகிறது. நாலைந்து அங்குலம் இருக்கும், பேனா ரீபிள் தடிமன், நடுவில் ஒரு நெளிவு. முதிர்ந்த சேவலின் தாடி கயிற்றுத் துண்டு மாதிரி தடித்து, ஒன்பது பத்து அங்குலம் நேராகத் தொங்கும். ஆனால் ஒரு வயதுச் சேவலுக்கும் நாலு அங்குலம்தான். தாடியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

தலை நீலச் சாம்பல். பெட்டையேதான்.

ஏப்ரல் 16

இங்கே மிசூரியில் வசந்த வேட்டையில் எதைச் சுடலாம்? சட்டத்தில் இருப்பது: ஆண் வான்கோழி, அல்லது கண்ணுக்குத் தெரியும் தாடி உள்ள வான்கோழி. எல்லாம் அந்த ‘அல்லது’வில் இருக்கிறது.

ஏப்ரல் 17

‘அல்லது’ ஏன் வந்தது? பெட்டையைச் சுடச் சொல்லி வந்ததில்லை. சூரியன் உதிக்க அரை மணி முன்பே சுடலாம் என்று விட்டாயிற்று. அந்த வெளிச்சத்தில் தலையின் நிறம் சரியாகப் பிடிபடாது. மார்பில் தொங்குவது வானத்துக்கு எதிரே கோடாகத் தெரியும். ஒருவன் தாடியைப் பார்த்துச் சுட்டுவிட்டு, எடுக்கப் போனால் பெட்டை. அதற்கு அபராதம் என்றால் புதருக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அந்தப் பறவை கணக்கிலும் வராது, சட்டியிலும் வேகாது. ஆக, பிழைக்கு விட்ட இடைவெளி அது. அதைத் தெரிந்தே வாசலாக்கிக்கொள்வதுதான் உறுத்துகிறது.

ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் இந்த இடைவெளியே இல்லை. வசந்தத்தில் சேவல் மட்டும். பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் நேர் எதிர்: தாடி இருந்தால் போதும், சேவலா பெட்டையா என்று கேட்பதில்லை. அப்படியானால் தாடி இல்லாத சேவல் அங்கே தப்பிக்கும். அப்படியும் உண்டு. நிறமிக் குறைவால் தாடியின் ஒரு பட்டை பழுப்பாகி நொறுங்கும்; பனி ஒட்டிய எடையில் அந்த இடத்தில் முறியும்.

தாடியும் இறகுதான், மயிர் போல மாறிய இறகு. உதிர்ந்து முளைக்காது, வளர்ந்துகொண்டே போகும், நுனி தரையில் உரசித் தேயும். அதை ஆண் என்பதற்கு முத்திரையாக்கியது நாம்.

ஏப்ரல் 19

தாள் கட்டிச் சுட்டுப் பார்த்த நாள். 12 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கி, 3 அங்குலத் தோட்டா, உள்ளே 5ஆம் எண் ஈய ரவை, அதாவது சிறு குண்டுகள். 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ வேண்டும், 71 விழுந்தது. 35 கெஜத்தில் 104. ஆக, இந்தத் துப்பாக்கிக்கு எல்லை 35.

வட்டத்துக்கு வெளியே விழுந்ததையும் எண்ண வேண்டும், யாரும் எண்ணுவதில்லை. தாளின் ஓரம் முழுக்கப் பொத்தல். சேவலின் கழுத்துக்குக் குறி வைக்கும்போது பின்னால் ஒரு பெட்டை நின்றால் அந்த ஓரத்து ரவை அவளுக்கு. கூட்டம் பிரியும்வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

வேட்டைக் காலத்தின் முதல் நாள். மார்பு நனைந்தால் இறகு திரண்டு, தாடியில்லாத பெட்டைக்கும் தாடி முளைத்துவிடும்.

ஏப்ரல் 23

இந்த வாரத்துப் பெட்டையின் வயிற்றைக் கீறினால், நாட்டுக்கோழி அறுக்கும்போது வருமே, அதேபோலக் கருக்கொத்து: கோலிக்குண்டு அளவில் ஒன்று, அடுத்தது சற்றுச் சிறியது, அப்படியே கடுகு வரை. நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று வரிசையாக.

ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, நாளைக்கு ஒன்று என்ற கணக்கில். கடைசி முட்டைக்குப் பிறகே முழு அடை, 28 நாள். கூட்டைக் கீரியோ ரக்கூனோ காலி செய்தால் மறுபடி இடுவாள். (கீரி என்று கை எழுதிவிட்டது. இங்கே ஸ்கங்க், நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு.) தாய் போய்விட்டால் இரண்டாவது ஈடு இல்லை.

எதிர்வாதமும் உண்மைதான். தாடி உள்ள பெட்டை பெரும்பாலான இடங்களில் பத்தில் ஒன்றுகூட இல்லை. அதில் சுடப்படுவது சொற்பம். அதனால் மட்டும் எந்த மாவட்டத்திலும் வான்கோழி குறைந்துவிடாது. கூடுகளில் பெரும்பகுதி எப்படியும் அழிகிறது, பொரித்த குஞ்சிலும் பாதிக்கு மேல் முதல் இரண்டு வாரத்திலேயே போகிறது.

ஆனால் ‘எப்படியும் சாகிறது’ என்பதே தாயை விடுவதற்குக் காரணம் அல்லவா? ஒரு சேவல் போனால் இன்னொரு சேவல் மிதிக்கும். பெட்டைக்கு மாற்று ஆள் கிடையாது.

ஏப்ரல் 24

யாராவது கேட்கலாம்: “அக்டோபர் வேட்டையில் பெட்டையையும் சுடலாமே, அப்போது எங்கே போனது உன் நியாயம்?” நல்ல கேள்வி. அக்டோபரில் விழுவதில் ஒரு பங்கு குளிர்காலத்தில் தானாகவே செத்திருக்கும். ஏப்ரலில் நிற்பவள் அந்தக் குளிரைத் தாண்டி வந்தவள்.

பதில் சரிதான். ஆனாலும் முழுதாகத் திருப்தி தரவில்லை.

ஏப்ரல் 26

பார்க்கும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் தலை: சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்து, அலகின் மேல் சதை தொங்கினால் சேவல், சாம்பல் நீலத்தில் பொடி இறகு உச்சிவரை ஏறினால் பெட்டை. பிறகு மார்பு: இறகு நுனி கறுப்பா, பழுப்பா. பிறகு கால்: சேவலுக்கு இருக்கும் குதிமுள் உண்டா. பெட்டைக்கும் சிறு குமிழ் எப்போதாவது இருக்கும், அதை நம்பாதே. தாடி கடைசியில். ஒரு வயதுச் சேவல் தோகை விரித்தால் நடு இறகுகள் மட்டும் ஓரத்தைவிட நீண்டு நிற்கும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லோரும் ‘தாடி தெரிந்தால் சுடு’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘தலை சிவந்தால்’ என்று சொல்ல அதைவிட அதிக நேரம் ஆகாது.

ஏப்ரல் 29

ஆறு நாளாக வயலில் அவள் இல்லை. அடை என்றால் சரி.

மே 2

11.40க்கு வந்தாள். அவசர அவசரமாகத் தின்றாள், மண்ணில் புரண்டாள், 12.05க்கு வந்த வழியை விட்டு வேறு வழியாகப் போனாள். தாடியில் புழுதி. பின்னால் போகக் கூடாது. அடை தொடங்கிய நாட்களில் கிளப்பிவிட்டால் கூட்டையே கைவிடுவாள். அரசு நிலத்தில் வேட்டை 1 மணியோடு முடிகிறது. இவள் எழுந்து வரும் நேரமோ அதற்கு முன்பே.

மே 5

தாடி உள்ள பெட்டையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டுகிறார்களாம். அபூர்வமாம். அபூர்வம் என்றால் தொலைநோக்கி வழியே பார், போதாதா? எரிச்சல்.

தெரியாமல் சுட்டவனைத் திட்டுவதற்கில்லை. எடுத்துப் போய் இரவு 10 மணிக்குள் பதிவு செய்து சமைத்துவிட வேண்டியதுதான். தெரிந்தே சுட்டவன், தெரியாமல் சுட்டவன், இந்த இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதுவதுதான் சட்டத்தின் தொல்லை.

மே 7

11.20 இல்லை.

12.10 ஒரு பெட்டை. தாடி இல்லாதது.

நாளை வடக்கு வேலி, 11 மணியிலிருந்து