உன் கயிறுகளை நீளமாக்கி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் ஐயர் பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் குவித்துக்கொண்டு வாசலில் நிற்பார். (வெளியூர்க்காரர்களுக்காக: திருநெல்வேலிச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் பூராவும் அந்த வசனம்தான் நமக்கு. பிடிக்கவில்லை என்று திரும்பத் தட்டில் போட முடியாது. என் மகன் ஒருதடவை போட்டுப் பார்த்து உபதேசியாரிடம் (ஐயருக்கு உதவியாக இருப்பவர்) மாட்டியிருக்கிறான்.

எனக்கு வந்தது ஏசாயா 54:2. 'உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு, உன் வாசஸ்தலங்களின் திரைகள் விரிவாகட்டும், தடைசெய்யாதே, உன் கயிறுகளை நீளமாக்கி, உன் முளைகளை உறுதிப்படுத்து.'

மாடியில் ஒரு ரூம் கட்டக் கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருந்த நேரம் அது. இதைவிடத் தெளிவாக ஆண்டவர் எப்படித்தான் பேசுவார்? அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கொத்தனாரிடம் செங்கல் விலைகூடக் கேட்டுவிட்டேன். ஜனவரி முடிவதற்குள் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அட்டையைக் கிழிக்க மனசு வரவில்லை. அதன்மேல் பால் கணக்குச் சீட்டைச் சொருகிவைத்தேன்.

அடுத்து லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) ஆரம்பித்த வாரத்தில் மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள். வயது 76. இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன் பண்ணி மூட்டை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் மஸ்கட்டில், உடனே லீவு கிடையாது. மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை தொடங்கப் பன்னிரண்டு நாள். இந்த நேரம் பார்த்து மோட்டாரும் புகைந்தது.

சுரண்டையிலிருந்து மைனி போன் பண்ணினார்கள். அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. "நாங்க கெளம்பி வாரோம்."

"வேண்டாம் மைனி, நான் சமாளிச்சுக்கிடுவேன். வீட்டுல எடம் வேற கெடையாது."

எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். சாயங்காலம் ஆட்டோவிலிருந்து மைனி, அண்ணாச்சி, அவர்கள் மகள், அவள் பிள்ளைகள் இரண்டு, ஒரு மூட்டை அரிசி, அவர்கள் சொந்தத் தேங்காய்த் துருவி எல்லாம் இறங்கின. (என் துருவி சரியில்லை என்பது மைனியின் பல வருஷத்து அபிப்பிராயம்.) மறுநாள் நாசரேத்திலிருந்து மாமியின் தங்கச்சியும் (எங்களுக்குச் சித்தி) அவர் மகனும். நாலு பேர் இருந்த வீட்டில் பதினொரு பேர். காலையில் பாத்ரூமுக்கு டோக்கன் கொடுக்காத குறை.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்கு ஜெபமே வரவில்லை. கண்ணை மூடினால் கேஸ் அடுப்பை அணைத்தேனா, மகள் வேதியியல் எந்தப் பாடத்தில் நிற்கிறாள் என்று ஓடியது. வீடியோ காலில் வீட்டுக்காரர் ஜெபித்தார். "எங்கள் பரம தகப்பனே, உம்முடைய..." என்கிற இடத்தில் நெட் போய், கண் மூடி வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். சித்திதான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துச் செய்தார்கள். சித்தி ஜெபம் நீளம். ஊழியக்காரர்கள், ராணுவ வீரர்கள், மழை வரை போய்வரும். நான் எந்த இடத்தில் தூங்கினேன் என்று தெரியாது. ராத்திரியெல்லாம் முழித்த உடம்பு, மைனியின் தோளில் சாய்ந்துவிட்டது. இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் சீஷர்களும் தூங்கினார்கள்தானே, அதுவும் இதே லெந்துக் கணக்கில்தான் வரும். எல்லாரும் "ஆமென்" சொன்ன சத்தத்தில் பதறி எழுந்து, நானும் ஒரு ஆமென் போட்டேன். அது வராந்தாக் கடைசி வரை கேட்டது. நர்ஸ் வந்து முறைத்துவிட்டு, "பாட்டிக்கு நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

மைனி அசையவே இல்லை. "ஒண்ணே கால் மணி நேரம் தூங்குனா, பாவம். என் கைதான் மரத்துப்போச்சு" என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாகக் கல்லாட்டம் இருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்த அழுகையைத்தான் நான் ஜெபம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

வீடு வந்த மாமிக்கு ஹாலில் கட்டில் போட்டோம். வாக்கர், வாடகைக்கு எடுத்த கமோடு நாற்காலி. மறைவுக்கு ஹால் குறுக்கே என் பழைய சேலைகளைக் கட்டினோம். பதினொரு பேர் துணிக்குக் கொடி பற்றாமல் அண்ணாச்சி கயிற்றை நீட்டி முருங்கைமரம் வரை இழுத்தார். இரண்டாம் நாளே ஆணி பிடுங்கிக்கொண்டு வந்து, ஈரப் போர்வையெல்லாம் சகதியில். கொத்தனாரைக் கூப்பிட்டு (ரூம் கட்டக் கூப்பிட்ட அதே ஆள்) சுவரில் துளை போட்டுக் கொக்கி அடித்தோம்.

ஒருநாள் மத்தியானம் மாமி சத்தம் போட்டார்கள். "ஏட்டி, இங்க வா."

வலியோ என்று ஓடினேன். கட்டிலுக்கு நேர் எதிரே ஃபிரிட்ஜ். பால் சீட்டை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"எடம் விசாலமாச்சா? திரை அந்தா தொங்குது. கயிறு முருங்கைக்குப் போயிருக்கு. முளையும் அடிச்சாச்சு." பூராவும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அன்னைக்கு மைனிய வரவேண்டாம்னியாமே? அதுக்கும் நடுவுல 'தடைசெய்யாதே'ன்னு போட்டிருக்கு பாரு."

சிரித்ததில் மாமிக்குத் தையல் வலித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

மாமியைப் பார்க்க வந்த ஐயரிடமும் இந்தக் கதை போயிற்று. இந்த வசனத்தை வைத்துத்தான் 1792-ல் மிஷனரி வில்லியம் கேரி இங்கிலாந்தில் நாட்டிங்காமில் பிரசங்கம் பண்ணினார், ஒருகாலத்தில் செருப்புத் தைத்தவர், மறுவருஷமே இந்தியாவுக்குக் கப்பலேறினார் என்றார் ஐயர். கேரிக்கு வங்காளம் கிடைத்தது, எனக்குச் சுரண்டை கிடைத்தது என்றேன். நான்காவது தோசையை வைத்துக்கொண்டே மைனி, "எங்க ஊருக்கு என்ன கொறச்சல்?" என்றார்கள்.

மகள் பரீட்சைக்கு அண்ணாச்சிதான் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். ஈஸ்டருக்கு அதிகாலை ஆராதனை. ஊசிக்கோபுரக் கோயிலில் மணி அடிக்கும்போது மாமி வாக்கரோடு வாசல் வரை வந்து, நாங்கள் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த நாள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். துருவியை மட்டும் மைனி விட்டுவிட்டுப் போனார்கள். மறந்து அல்ல.

அவ்வளவு நீளக் கயிற்றில் இப்போது நாலு பேர் துணி. பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. மே மாதம் மைனி போன் பண்ணினார்கள். பிள்ளைகளுக்கு லீவாம்.

"வாங்க மைனி," என்றேன், கேட்டு முடிப்பதற்குள்.

உள்ளேயிருந்து மாமி குரல்: "கயித்த அவுக்கலேல்லா?"